அமெரிக்கக் குடியரசின் தொடக்கத்தில் பத்திரிகைகள் நடுநிலையாக இருந்தனவா?

பெரும்பாலும் இல்லை. 1789-இல் ஜான் ஃபென்னோ தொடங்கிய 'கெசட் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் பக்கம் நின்றது. கருவூலத் துறையின் அச்சு வேலைகளும் அதற்குக் கிடைத்தன. சும்மா இருப்பார்களா அவருடைய எதிரணியினரான வெளியுறவுச் செயலர் ஜெஃபர்சனும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் மாடிசனும்? கவிஞர் ஃபிலிப் ஃப்ரெனோவைப் பிடித்தார்கள். வெளியுறவுத் துறையில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை, ஆண்டுக்கு 250 டாலர். 1791-இல் அவருடைய 'நேஷனல் கெசட்' வெளிவந்தது. அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசைத் திட்டும் பத்திரிகை! இன்றைக்கு நடந்தால் பெரிய ஊழல் என்போம். அதன் பிரதிகளை ஃப்ரெனோ அதிபர் வாஷிங்டனுக்கே அனுப்பிவைத்தார். வாஷிங்டன் கொதித்துப்போனதை ஜெஃபர்சனே குறித்துவைத்திருக்கிறார்.

இந்தச் சண்டை ஊரூராகப் பரவியதற்குத் தபால்தான் காரணம் என்பேன். 1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 மைல் வரை ஒரு பத்திரிகைக்கு 1 சென்ட் மட்டுமே. கடிதத்துக்கோ குறைந்தது 6 சென்ட். பத்திரிகைகள் தங்களுக்குள் பிரதிகளை இலவசமாகவே பரிமாறிக்கொண்டன. பிலடெல்பியாவில் வந்த வசை, சில வாரங்களில் தொலைதூரச் சிற்றூர்ப் பத்திரிகையிலும் அப்படியே மறுபதிப்பாகும்.

1798-இல் அரசை இழிவுபடுத்தி எழுதுவதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. அதில் சிறைக்குப் போன வெர்மான்ட் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லையன், உள்ளே இருந்தபடியே மறுபடி தேர்தலில் ஜெயித்தார்.