மோட்டார் அப்புறம், முதலில் இரும்பு: மில்லிங் மெஷின் கேள்வி பதில்

கேள்வி: சீக் எக்ஸ்2 வகை சின்ன மில்லிங் மெஷின் (சுற்றும் கட்டரால் உலோகத்தை வெட்டும் மெஷின்) ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது ஐயா. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு வைத்திருக்கிறேன். அதை சி.என்.சி.யாக, அதாவது கம்ப்யூட்டரே ஓட்டும் மெஷினாக மாற்ற ஆசை. எவ்வளவு சக்தியில் மோட்டார், அதற்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் டிரைவர் எது வாங்கலாம்?
(கோவை வாசகர்)

பதில்: கொஞ்ச நாளைக்கு மோட்டாரை மறந்துவிடுங்கள். உங்களிடம் இருக்கும் மெஷின் சீனாவின் சீக் நிறுவனத் தயாரிப்பு. பல நாடுகளில் வேறு வேறு பெயரிலும் பெயிண்டிலும் விற்கும் அதே மெஷின்தான். எடை ஐம்பது கிலோவை ஒட்டி இருக்கும், பழைய மாடலில் மோட்டார் 350 வாட், அதிகபட்ச வேகம் 2,500 ஆர்.பி.எம். இதன் பெரிய பலவீனம், தலையை (கட்டரைச் சுற்றும் மேல்பகுதியை) இடம் வலமாகச் சாய்க்க வசதியாக நெடுந்தூணை ஒரே ஒரு பெரிய நட்டில் பிடித்திருப்பது. டயல் இண்டிகேட்டரின் (சிறு அசைவையும் முள்ளில் காட்டும் அளவியின்) மேக்னெட் பேஸை டேபிளில் வைத்து, முனையை கட்டரைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலில் தொட வைத்து, தலையைக் கையால் சும்மா அழுத்திப் பாருங்கள், முள் எவ்வளவு ஆடுகிறது என்று. கை அழுத்தத்துக்கே அப்படி என்றால் கட்டர் இரும்பில் இறங்கும்போது என்ன ஆகும்? சாய்க்கும் வசதியை நம்மில் முக்கால்வாசிப் பேர் பயன்படுத்துவதே இல்லை. தூணின் பின்பக்கத்தில் கனமான தகடு வைத்து அடிப்பாகத்தோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். வேலைப்பாட்டில் தெரியும் அதிர்வுக் கோடுகள் அதிலேயே பாதி குறையும்.

அடுத்தது கிப், அதாவது நகரும் ஸ்லைடை ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் பட்டை. கழற்றிப் பார்த்தால் பல மெஷின்களில் கிப் பட்டையில் அரைத்த கோடுகள் அப்படியே இருக்கும், டவ்டெயிலில் (ஸ்லைடு ஓடும் சாய்ந்த தடத்தில்) இரண்டு மூன்று இடம் மட்டும்தான் தொடும். மார்க்கிங் ப்ளூ தடவி எங்கே தொடுகிறது என்று பார்த்து, கண்ணாடி மேல் எமரித்தாள் ஒட்டித் தேய்த்துச் சமன் செய்யுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் மோட்டார் மாட்டினால் ஸ்லைடு ஒரு இடத்தில் லூசாகவும் இன்னொரு இடத்தில் இறுக்கமாகவும் போகும், அந்த இறுக்கத்தில் ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுற்றும் மோட்டார்) ஸ்டெப்பை விடும், நீங்கள் டிரைவரைக் குறை சொல்வீர்கள்.

மூன்றாவது, டேபிளை நகர்த்தும் ஸ்குரூவின் ப்ளே. கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பி, அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பினால் டேபிள் நகராமல் வீணாகப் போகிற தூரம். கையால் ஓட்டும்போது எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்து நிறுத்திச் சமாளித்துவிடலாம். வட்டம் வெட்டும் மெஷினுக்கு அந்தச் சலுகை கிடையாது, திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் வட்டத்தில் தட்டையாக ஒரு படி விழும். சாஃப்ட்வேரில் ப்ளே ஈடு கட்டும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது மோட்டாரைக் கூடுதலாகச் சுற்றுமே தவிர, கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுத்தால் பிடித்து நிறுத்தாது. அதனால் பணம் போக வேண்டிய இடம் பால் ஸ்குரூ, அதாவது நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்குரூ. நீளவாக்கு ஸ்லைடுக்கு 1605, அதாவது 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. குறுக்கு ஸ்லைடின் அடியில் இடம் குறைவு, அங்கே நட் நுழையுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள், 1204 போட வேண்டி வரலாம். சந்தையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் சி7 தரம். 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வரை பிழை இருக்கலாம், வீட்டு வேலைக்கு இது போதும். ஆனால் ஸ்குரூவின் நுனியைத் தாங்குகிற பேரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் (தண்டின் நீளவாக்கில் வரும் விசையையும் தாங்கும் பேரிங்) ஜோடியாகப் போட்டு முன்னழுத்தம் கொடுத்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் நட்டில் போன ப்ளே பேரிங்கில் திரும்பி வந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு மோட்டார் பெரிய விஷயமே இல்லை. இரண்டு கிடை ஸ்லைடுகளுக்கும் நீமா 23 அளவில் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டிய ஸ்டெப்பர், தலையைத் தூக்க அதைவிடப் பலமானது. டி.எம். 542 வகை டிரைவர் 50 வோல்ட் வரை தாங்கும். வேகத்தை மோட்டார் குறைக்கும்போது வோல்டேஜ் திரும்பி ஏறும் என்பதால் 36 வோல்ட் சப்ளையோடு நிறுத்துங்கள். கணக்கு சுலபம்: மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவரில் ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரித்தால் 1,600, 5 மி.மீ. ஸ்குரூவுக்கு ஒரு மி.மீ.க்கு 320. ஒன்று மட்டும் மறக்காதீர்கள், டிரைவரில் கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கினால் டிரைவர் அங்கேயே போய்விடும்.

கேள்வி: மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்பும் கண்ட்ரோலர் எது நல்லது? மாக் 3, லினக்ஸ் சி.என்.சி., ஜி.ஆர்.பி.எல். என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(சென்னை வாசகர்)

பதில்: மூன்றுமே வேலை செய்யும். மூன்று அச்சு (மூன்று திசை நகர்வு) மட்டும், செலவு குறைய வேண்டும் என்றால் ஆர்டுயினோ யூனோவில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். போதும். பழைய டெஸ்க்டாப்பில் பேரலல் போர்ட் இருந்தால் லினக்ஸ் சி.என்.சி. போடுங்கள், இலவசம், நாளைக்கு நான்காவது அச்சு சேர்த்தாலும் இடம் கொடுக்கும். நான் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. ஜாப் பாதியில் ஓடும்போது போனால் என்ன ஆகும்? யு.பி.எஸ். வாங்கினால் போதுமா?
(மதுரை வாசகர்)

பதில்: நல்ல கேள்வி, மெஷின் கட்டும்போதே யோசிக்க வேண்டியது. யு.பி.எஸ்.ஸை கம்ப்யூட்டருக்கு மட்டும் போட்டால் அது இன்னும் மோசம். மெஷின் நின்றுவிடும், கம்ப்யூட்டர் நிற்காது, டேபிள் எங்கேயோ போய்ச் சேர்ந்ததாக அது நினைத்துக்கொண்டு அடுத்தடுத்த வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதைவிட ஆபத்து, டிரைவர்கள் ஓடிக்கொண்டிருக்க ஸ்பிண்டில் மட்டும் நின்றுபோவது. சுற்றாத கட்டரை ஜாப்பில் (வெட்டும் உலோகத்தில்) இடித்தால் கட்டர் உடையும், துண்டு முகத்துக்கு வரும். அதனால் ஒரு காண்டாக்டர் (கரண்டால் இயங்கும் பெரிய சுவிட்ச்) வைத்து, மெயின் போனாலோ எமர்ஜென்சி பட்டனை அமுக்கினாலோ ஸ்பிண்டிலும் டிரைவர் சப்ளையும் ஒன்றாகத் துண்டாகும்படியும், கண்ட்ரோலருக்கும் அந்தச் செய்தி போகும்படியும் ஒயர் செய்யுங்கள். கரண்ட் திரும்பி வந்தாலும் நீங்கள் ஸ்டார்ட் அமுக்கும் வரை எதுவும் தானாக ஓடக்கூடாது.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. சாதாரண மரை ஸ்குரூ எடைக்குத் திரும்பிச் சுற்றாது, பால் ஸ்குரூ சுற்றும். தலையைப் பால் ஸ்குரூவில் மாட்டியிருந்தால் கரண்ட் போன நொடியில் மொத்தத் தலையும் மெதுவாகக் கீழே இறங்கி ஜாப்பில் உட்காரும். கார் டிக்கியைத் தாங்குகிற மாதிரி கேஸ் ஸ்பிரிங் ஒன்று போட்டு எடையைச் சமன் செய்யுங்கள், அல்லது பிரேக் உள்ள மோட்டார் போடுங்கள். ஸ்லைடின் தொடக்க இடத்தைக் காட்டும் ஹோம் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஜாப்பின் பூஜ்ஜியம் ஹோமிலிருந்து எவ்வளவு தூரம் என்று நோட்டில் எழுதி வைத்தால், கரண்ட் வந்ததும் ஹோம் செய்து, விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முந்தைய வரியிலிருந்து தொடரலாம்.

கேள்வி: டிரில் சக்கில் 10 மி.மீ. எண்ட் மில் (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர்) பிடித்து அலுமினியம் வெட்டுகிறேன். ஆழம் தானாகக் கூடிக்கொண்டே போகிறது, அலுமினியமும் கட்டரில் ஒட்டிக்கொள்கிறது.
(திருச்சி வாசகர்)

பதில்: முதலில் அந்த சக்கைக் கழற்றுங்கள். துளை போடும்போது விசை மேல்நோக்கி நேராக வரும், சக் தாங்கும். எண்ட் மில்லில் விசை பக்கவாட்டில் வருகிறது, போதாததற்குச் சுருள் பள்ளம் கட்டரைக் கீழே இழுக்கிறது. சக்கின் மூன்று தாடைகள் மூன்று கோட்டில்தான் தொடுகின்றன, அதனால் கட்டர் நழுவி இறங்குகிறது. ஒரு நாள் சக்கே அதைத் தாங்கும் தண்டான ஆர்பரிலிருந்து அதிர்ந்து கழன்று சுற்றிக்கொண்டே விழலாம். ஈ.ஆர். 25 கொலட் (கட்டரைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் வளையம்) செட் வாங்குங்கள், 16 மி.மீ. வரை பிடிக்கும். கொலட் ஹோல்டரை மேலிருந்து டிராபார் என்ற நீள போல்ட் போட்டு இறுக்குவதும் கட்டாயம். உங்கள் ஸ்பிண்டிலின் சரிவுத் துளை எம்.டி.3 டேப்பரா, ஆர்8 டேப்பரா என்று பார்த்து ஹோல்டரை வாங்குங்கள், ஒன்றுக்கு ஒன்று சேராது.

ஒட்டுவதற்குக் காரணம் சூடு. இரண்டு பல் கட்டர் போடுங்கள், நான்கு பல்லில் செதில் வெளியேற இடம் இல்லை. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டருக்கு அலுமினியத்தில் நிமிடத்துக்கு 75 மீட்டர் வெட்டு வேகம் வைத்துக்கொண்டால் 10 மி.மீ. விட்டத்துக்கு ஏறத்தாழ 2,400 ஆர்.பி.எம். வரும். அதே கட்டரில் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) வெட்டினால் 25 மீட்டர்தான், 800க்கு இறக்குங்கள். ஃபீடை (ஜாப்பைத் தள்ளும் வேகத்தை) குறைத்துத் தடவிக்கொண்டே போனால் கட்டர் வெட்டாமல் உரசும், அதுவும் சூடுதான். பல்லுக்கு 0.03 மி.மீ. என்றால் 2,400 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு சுமார் 145 மி.மீ. துளி மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷில் தொட்டுத் தடவுங்கள், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு. செதிலைக் கையால் தள்ளாதீர்கள், கையுறை போட்டுக்கொண்டு ஓடும் மெஷின் அருகே போகவே போகாதீர்கள், கட்டர் கையுறையோடு விரலை இழுத்துக்கொள்ளும்.

உங்கள் மெஷினில் பழைய ஸ்குரூ என்றால் கட்டர் சுற்றும் திசைக்கு எதிராகவே ஜாப்பைத் தள்ளுங்கள். கட்டர் சுற்றும் அதே திசையில் தள்ளினால் ஃபினிஷ் நன்றாக வரும், ஆனால் ப்ளே இருக்கிற அளவுக்குக் கட்டர் டேபிளைப் பறித்து இழுக்கும்.

கேள்வி: என் எக்ஸ்2 மெஷினில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் கியர் பல் உடைந்துவிட்டது. இரும்பு கியர் போட்டால் நிரந்தரத் தீர்வா?
(சேலம் வாசகி)

பதில்: இரும்பு கியர் போட்டால் சத்தம் கூடும், கட்டர் மாட்டிக்கொள்ளும்போது அந்த அடி வேறு எங்காவது போய் விழும். கியரையே எடுத்துவிட்டு பெல்ட்டுக்கு மாறுங்கள் அம்மா. இந்த மாடலுக்கு பெல்ட் மாற்றுக் கிட் தயாராகவே விற்கிறார்கள், லேத் இருந்தால் இரண்டு புல்லிகளையும் நீங்களே கடைந்துகொள்ளலாம். சத்தம் நன்றாகக் குறையும், கட்டர் சிக்கினால் பெல்ட் வழுக்கும், வேறு எதுவும் உடையாது. இரண்டு படி புல்லி வைத்தால் எம்.எஸ்.ஸுக்கு வேண்டிய குறைந்த வேக இழுவையும் கையில் இருக்கும்.