கம்பெனி மூடிவிட்டால் என் எண் என்ன ஆகும்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "14 வருடமாக ஒரே ப்ரீபெய்டு எண். என் கம்பெனி கடனில் மூழ்கிவிட்டது, சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்கிறார்கள். 500 ரூபாய் கொடுத்தால் எண் போகாமல் வேறு கம்பெனிக்கு மாற்றித் தருவதாகத் தெருமுனையில் சிம் விற்கும் பையன் சொல்கிறான். வங்கி, ஆதார், கேஸ் எல்லாம் இதில்தான். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுவதற்குப் போர்ட் என்று பெயர், அதற்கு 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த கட்டணம் 6 ரூபாய் 46 காசு. அதையும் பெரும்பாலும் புது கம்பெனியே பார்த்துக்கொள்ளும், ஆள் பிடிக்கும் அவசரம் அவர்களுக்கு.

பயம் மட்டும் நியாயமானதுதான். 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்ததே, நம்மூர்க் கம்பெனி, எத்தனை பேர் திண்டாடினார்கள். எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும், எஸ்எம்எஸ் போக சிக்னல் வேண்டும், சிக்னலே இல்லையென்றால் எதை அனுப்புவது? 2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேசுவதை இலவசமாக்கியதும், ஏற்கெனவே கடனில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள், இல்லை இன்னொருவரோடு சேர்ந்தார்கள். கடைசியில் பிஎஸ்என்எல்லும் மூன்று தனியார் கம்பெனிகளும்தான் பெரிதாக மிஞ்சியது. அந்தச் சண்டையில் ஜியோ அழைப்புகள் தங்களிடம் வர போதிய இணைப்பு தரவில்லை என்று ஏர்டெல், வோடபோன், ஐடியா ஆகிய பழைய மூன்று கம்பெனிகளுக்கு 3,050 கோடி அபராதம் போடச் சொல்லி டிராய் பரிந்துரைத்தது. அழைப்பு போகாமல் தவித்த சந்தாதாரருக்கு அதில் என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கடன் இருப்பதாலேயே நாளைக் காலையில் கடையைப் பூட்டிவிட மாட்டார்கள். ஆனால் மாறுவதென்று முடிவெடுத்துவிட்டால், சிக்னல் நன்றாக இருக்கும்போதே, பேக் முடியும் தறுவாயில் மாறுங்கள். மிச்ச நாளும் பேலன்ஸும் புது கம்பெனிக்கு வராது.

வழி சுலபம். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணை எழுதி 1900-க்கு அனுப்புங்கள். உங்கள் பேக்கில் எஸ்எம்எஸ் இல்லையே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த பேக் போட்டிருந்தாலும் இந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்ப விட வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவே போட்டது. இதற்குக்கூட உத்தரவு தேவைப்பட்டது, பாருங்கள். 8 எழுத்துக் குறியீடு ஒன்று வரும், தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லுபடியாகும். அதோடும் அடையாள அட்டையோடும் புது கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள். இதே மாநிலத்துக்குள் என்றால் 3 வேலை நாளில் முடியும்.

சொந்த ஷோரூம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெருவில் குடைக்குக் கீழே உட்கார்ந்து சிம் விற்பவர் கைரேகை வைக்கச் சொல்வார், வைப்பீர்கள். "சரியா விழல சார், இன்னொரு தடவை வைங்க" என்பார், அதையும் வைப்பீர்கள். அந்த இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் உயிர் பெற்று, யாரோ ஒரு மோசடிக்காரன் கைக்குப் போகும், போலீஸ் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில். எல்லாரும் அப்படியில்லைதான், ஆனால் யார் எப்படி என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். அப்புறம், "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், அந்த 8 எழுத்தைச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சிம் தொலைந்தோ கெட்டோ அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கியிருந்தால், 7 நாள் ஆகும்வரை குறியீடு தர மாட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் இதுதான் விதி. வேறொருவன் உங்கள் எண்ணுக்குப் புது சிம் வாங்கி, கையோடு போர்ட் செய்து, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடக் கூடாதே, அதற்காக. ஆகவே திங்கட்கிழமை சிம் மாற்றிவிட்டு புதன்கிழமை 1900-க்கு அனுப்பிப் பார்த்து, எண்ணே போச்சு என்று பதறாதீர்கள். அடுத்த வாரம் அனுப்புங்கள். இந்த இடைவெளியில்தான் நம்ம பையன் வந்து "சிஸ்டம் எடுக்கல சார், புது நம்பர் போட்டுடலாம்" என்பான், அவனுக்கு அதில்தான் கமிஷன்.

போர்ட் செய்யக் காரணமில்லாமல் மறுத்தால் கம்பெனியிடம் புகார் எண் வாங்குங்கள், தீராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அந்த மேல்முறையீட்டு அதிகாரியும் அதே கம்பெனியில்தான் இருப்பார். டிராய் தனிநபர் புகாரை எடுத்துக்கொள்ளாது. இப்படி ஓர் ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ.

வங்கிக்கெல்லாம் ஓட வேண்டாம், எண் அதேதான். பழைய சிம்மில் சிக்னல் போகும்வரை அதைக் கழற்றாதீர்கள், போனதும் புதியதைப் போடுங்கள். யூபிஐ செயலி மட்டும் சிம் மாறியதைப் பார்த்து மறுபடி பதியச் சொல்லலாம், அன்றைக்குக் கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.