2147483647 பகா எண்தானா?

கேள்வி: மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்கிறேன். கடைக் கணக்கு மென்பொருளில் ஒரு பாக்கித் தொகையைப் பதியும்போது கைதவறிச் சில சைபர்களைக் கூடுதலாகத் தட்டிவிட்டேன். திரையில் 2147483647 என்று வந்து நின்றுவிட்டது. அது பகா எண் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். இவ்வளவு பெரிய எண்ணைக் கையால் சரிபார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், அயனாவரம், சென்னை

பதில்: தங்கள் மகள் சொல்வது சரியே. 2-ஐ 31 தடவை எழுதித் தம்முள் பெருக்கி 1-ஐக் கழித்தால் கிடைப்பது இந்த எண். சுருக்கமாக 2³¹ − 1. இது பகா எண் என்று 1772-இல் நிறுவியவர் கணித மேதை ஆய்லர் (Euler). அப்போது அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது.

இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதுவரையுள்ள பகா எண்கள் எதனாலும் வகுபடவில்லை என்று காட்டினால் போதும் என்றாலும், அவையே நான்காயிரத்துக்கும் மேல். ஆய்லர் அத்தனையையும் வகுத்துப் பார்க்கவில்லை. அடுக்கு 31 பகா எண்ணாக இருப்பதால், இதை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும் அதை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இவ்விரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தரும் எண்கள் மட்டுமே மிஞ்சும்; 46,340-க்குள் அவை சுமார் 370தான், அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள். 63, 249 (3 × 83) ஆகியவற்றைத் தள்ளிவிட்டால் முதலில் நிற்பது 311. அதனால் வகுத்தால் மீதி 35. சில பகு எண்களைத் தாண்டி அடுத்து வருவது 1303, மீதி 226. இப்படியே பொறுமையாகப் போனால், கடையில் கூட்டம் குறைந்த சில பிற்பகல்களில் தாங்களே முடித்துவிடலாம்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாகிவிடும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். 2¹¹ − 1, அதாவது 2047, 23 × 89 என்று பிரிந்துவிடுகிறது. அந்த இரண்டையும் 22-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதைக் கவனியுங்கள், மேலே சொன்ன விதியேதான்.

தங்கள் திரையில் இந்த எண் வந்ததற்கும் அது பகா எண்ணாக இருப்பதற்கும் தொடர்பில்லை. அந்த மென்பொருள் ஓர் எண்ணுக்கு 32 பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கத்துக்கான இடமே ஒரு பிட்) ஒதுக்கியிருக்க வேண்டும். அதில் ஒரு பிட் கூட்டல் அல்லது கழித்தல் குறிக்குப் போக, மீதி 31 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் இது. பழைய 16 பிட் கணக்கின் உச்சமான 32767 பகா எண் அல்ல. 7 × 31 × 151. இப்போதைய 64 பிட் கணக்கின் உச்சம் 9223372036854775807, அதாவது 2⁶³ − 1. அடுக்கு 63 ஆனது 3-இன் மடங்கு என்பதால் அதுவும் 2³ − 1-ஆல், அதாவது 7-ஆல், மீதியின்றி வகுபடும். இதைச் சரிபார்க்க ஒரு தாளும் பேனாவும் போதும்.