சுக்கினி ஃப்ரிட்ஜில் அழுகுகிறது, சமைத்தால் குழைந்துபோகிறது. என்ன செய்வது?

நான் ஜெர்மனியில் இருக்கிறேன், வீட்டுக்குப் பின்னால் இரண்டு சுக்கினிச் செடி (பார்க்க வெள்ளரிக்காய் போல இருக்கும் பூசணி இனக் காய்) வைத்திருக்கிறேன். ஜூலை, ஆகஸ்டில் காய்த்துத் தள்ளும், இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் முழங்கை நீளத்துக்கு முற்றிவிடும். அதனால் இந்தக் காயோடு பழக்கம் அதிகம்.

நீங்கள் சொல்கிற இரண்டு தொல்லைக்கும் காரணம் தண்ணீர்தான். சுக்கினியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். கழுவி ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் காம்புப் பக்கம் சீக்கிரமே கொழகொழத்துவிடும். கழுவாமல் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறிப் பெட்டியில் வையுங்கள், ஐந்தாறு நாள் தாங்கும். குளிர் அதிகமுள்ள பின்சுவரை ஒட்டி மட்டும் வேண்டாம், தோலில் குழி குழியாக விழும்.

வெட்டியதும் முதல் வேலையாக ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். சுரைக்காய், பீர்க்கங்காய் நறுக்கும்போது அம்மா செய்வாளே, அதேதான். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம். குக்குர்பிட்டசின் என்கிற அந்த நச்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. 2015-இல் இங்கே ஒரு முதியவர் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்டு இறந்தே போனார். கடையில் வாங்கும் காயில் இது அரிது. நாமே எடுத்து வைத்த விதையில் முளைத்த செடியில்தான் பயம், ஏனென்றால் பக்கத்தில் அழகுக்கு வளர்க்கும் பூசணி வகை இருந்து மகரந்தம் கலந்திருந்தால், அந்த விதையிலிருந்து வரும் காய் கசக்கலாம். நான் வருஷா வருஷம் புது விதைதான் வாங்குகிறேன்.

சரி, சமையலுக்கு வருவோம். ஒரு சாண் நீளக் காய்தான் ருசி, தோல் சீவ வேண்டாம். வட்டமாக நறுக்கிக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தால் வெட்டுமுகத்தில் வியர்வை மாதிரி முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். உப்பு பட்டால் அது இன்னும் வேகமாக வெளியே வரும், பொரியல் கூழாவது இதனால்தான். அகலமான வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் தாளித்து, காயைப் போட்டு, மூடாமல், பெரிய தீயில் நாலைந்து நிமிஷம் வதக்குங்கள். உப்பும் தேங்காயும் இறக்குவதற்குச் சற்று முன்னால். வாணலி நிறையக் காயை அடைத்தால் வதங்காது, வெந்துதான் போகும், ஆகவே இரண்டு ஈடாகப் போடுங்கள். கூட்டுக்குப் பாசிப்பருப்பைத் தனியாக வேகவைத்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிஷத்தில் காயைச் சேர்த்தால் போதும், குக்கரில் பருப்போடு போட்டால் காய் இருந்த இடமே தெரியாது.

அடைக்குத் துருவி, அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்புப் பிசறிக் கால் மணி நேரம் கழித்துத் துணியில் போட்டுப் பிழியுங்கள். முக்கால் டம்ளர் தண்ணீர்கூட இறங்கும், அதை ஊற்றிவிடாமல் சப்பாத்தி மாவு பிசையலாம், தனியாக உப்பு வேண்டாம். பிழிந்த துருவலை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீசரில் போட்டுவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், ஆனால் உருகியதும் மறுபடி ஒருமுறை பிழிய வேண்டும், பொரியலுக்கும் ஆகாது.

முற்றிய காய் கிடைத்தால் கரண்டியால் விதையைச் சுரண்டிவிட்டுச் சதையைச் சாம்பாரில் போடுவேன். தோல் தடித்திருக்கும், அதைச் சீவி உளுந்து, வற்றல் மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் பீர்க்கங்காய்த் தோல் துவையல் போலவே இருக்கும்.