மணலை நம்பலாம், மேட்டைப் பார்த்தபிறகு

கேள்வி: ஆற்று மணலை ஒரு கைப்பிடி அள்ளி, அந்த மலை ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் தேய்கிறது என்று சொல்லிவிடுகிறார்களாமே? முன்பு பனியாறு மூடிக் கிடந்த மலைகளுக்கும் இந்தக் கணக்கு சரிவருமா?

பதில்: சில இடங்களில் வரும். வராத இடத்தில் நானே ஏமாந்திருக்கிறேன்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் ஆக்சிஜனை உடைக்கும்போது பெரிலியம்-10 என்ற அரிய வகை அணு பிறக்கிறது. கடல்மட்டத்தில் ஒரு கிராம் குவார்ட்ஸுக்கு ஆண்டுக்கு நாலைந்து அணுக்கள்தான். பாறைக்குள் 60 செ.மீ. இறங்கினால் அதுவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். மலை மெதுவாகத் தேய்ந்தால், மணல்மணி மேலே வந்துசேர்வதற்குள் அணுக்கள் நிறையச் சேர்ந்துவிடும். வேகமாகத் தேய்ந்தால் கொஞ்சம்தான் சேரும். சூத்திரம் அவ்வளவுதான். எண்ணுவதுதான் பெரும்பாடு. மணலைச் சலித்து, ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் நாள்கணக்கில் ஊறவைத்துக் கழுவி, எல்லாம் முடிந்தபின் கையில் மிஞ்சுவது வெள்ளையாக ஒரு பொட்டு பெரிலியம் ஆக்சைடு. அதிலும் பெரும்பங்கு, அளப்பதற்காக நாமே கலந்த சாதாரண பெரிலியம்-9!

பனியாறு இந்தக் கணக்கில் இரண்டு விதமாகக் கைவைக்கும். பத்து மீட்டர் பனி மேலே கிடந்தாலே கதிர்கள் அநேகமாகப் பாறையை எட்டாது. அப்புறம், அணுக்கள் சேர்ந்த மேல்பாறையைச் சுரண்டிவிட்டு, அணுக்கள் அதிகம் சேராத ஆழத்துப் பாறையை அரைத்து மொரைன் என்ற சரளை மேடுகளாகக் குவித்துவிட்டுப் போகும்.

என் முதல் மாதிரியை அள்ளிய இடத்துக்குச் சற்று மேலே, வளைவு தாண்டி, ஆறு அப்படியொரு மேட்டின் அடியை அறுத்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறச் சரளை பொலபொலவென்று விழும். நான் நடந்து பார்க்கவில்லை. அந்த மணலில் அணுக்கள் மிகக் குறைவு. மலை படுவேகமாகத் தேய்கிறது என்று எழுதிவிட்டேன். தேய்ந்தது மலையல்ல, பழைய குப்பைமேடு.

இன்னொரு சிக்கல், மணலின் ஞாபகசக்தி. ஆண்டுக்கு 1 மி.மீ. தேயும் மலை அந்த 60 செ.மீ.யை 600 ஆண்டில் கழற்றிவிடும். பனிக்காலமே அதற்கு மறந்துபோயிருக்கும். ஆண்டுக்கு 0.05 மி.மீ. என்றால் 12,000 ஆண்டு ஆகும். ஆல்ப்ஸில் பனி உச்சத்தில் இருந்ததே 20,000–25,000 ஆண்டுகளுக்கு முன்புதான்; 60 செ.மீ.க்கு அடியிலும் கொஞ்சம் அணுக்கள் பிறப்பதால், அந்தப் பனியின் தடம் மணலில் இன்னும் மிச்சமிருக்கும். ஆக, மெதுவாகத் தேயும் மலையில்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

இப்போதெல்லாம் துணையாறு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அள்ளுகிறேன், மொரைன் மணலைத் தனிப் பையில் போடுகிறேன். கீழே ஏரி இருந்தால், பனி விலகியபின் அதில் படிந்த வண்டலின் கன அளவையும் எடுத்துவைத்து ஒப்பிடுவேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், மறுபடி அந்த வளைவு தாண்டி நடக்க வேண்டியதுதான்.