சதுர அடி ரேட்டுக்குள் வராத செலவுகள்

கேள்வி: 1,000 சதுர அடியில் தரைத்தளம் கட்டுகிறோம். சதுர அடி ரேட் ஒப்பந்தம். பேஸ்மென்ட் (தரைக்கு மேல் எழுப்பும் அடித்தளம்) முடிவதற்குள் கான்ட்ராக்டர் 'எக்ஸ்ட்ரா' என்று மூன்று லட்சம் கேட்கிறார். கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: மொத்தமாகப் பேரம் பேசாதீர்கள், வேலைவாரியாக அளவு கேளுங்கள். சதுர அடி ரேட் என்பது அஸ்திவாரம் இத்தனை அடி ஆழம், பேஸ்மென்ட் இத்தனை அடி உயரம் என்று வைத்துப் போட்ட கணக்கு. களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மண் பரிசோதனை பார்க்காமல் பேசிய ரேட், குழி தோண்டியதும் ஆட்டம் காணும். மழைத்தண்ணீருக்குப் பயந்து பேஸ்மென்டை நீங்களே உயர்த்தச் சொல்லியிருந்தால், அந்தக் கூடுதல் நியாயமானதுதான்.

ஆனால் எவ்வளவு? 1 அடி உயர்த்தினால் 1,000 கன அடி, அதாவது 10 யூனிட் நிரப்பு மண். தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்தும்போது மண் அமுங்கும். 12 யூனிட்டாவது இறக்கவேண்டியிருக்கும். வெளிச்சுவர் நீளம் 130 அடி, 9 அங்குலக் கட்டு என்றால் 97.5 கன அடி செங்கல் வேலை, உள்சுவர் தனி. இந்த அளவோடு அவர் பில்லை ஒப்பிடுங்கள். பள்ளத்தை மூடிவிட்டால் ஆழத்தை அளக்க முடியாது. அதனால்தான் பெரும்பாலான தகராறும் அஸ்திவாரத்தில் வருகிறது.

சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு, போர்வெல், இ.பி. இணைப்பு யார் செலவு? போர்ட்டிகோவுக்கு முழு ரேட்டா, பாதியா? தளம் போடுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். டைல்ஸுக்கு ஒப்பந்தத்தில் சதுர அடிக்கு 50 ரூபாய் என்று இருந்து, நீங்கள் 85 ரூபாய் டைல்ஸ் எடுத்தால், வெட்டுச் சேதம் 10 சதவீதம் சேர்த்து 1,100 சதுர அடிக்கு 38,500 ரூபாய் கூடும். ஷோரூமில் நிற்கும்போது 35 ரூபாய்தானே என்று தோன்றும்!

இனி எந்தக் கூடுதல் வேலைக்கும் அளவு, ரேட், மொத்தம் மூன்றையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டபிறகே மேஸ்திரி கை வைக்கட்டும். முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

கேள்வி: பழைய மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல், சுண்ணாம்பு வைத்துக் கட்டிய கூரை) வீட்டின் மொட்டை மாடியில் ஒழுகல். மேலே சிமென்ட் தளம் போட்டு டைல்ஸ் ஒட்டினால் செலவு குறையுமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: குறையாது. 100 சதுர அடியில் 1 அங்குலச் சிமென்ட் பூச்சே அரை டன் கனம். அதைச் சுமக்கப்போவது பழைய மரக்கட்டைகள். அவை சுவரில் செருகியிருக்கும் முனைகளில்தான் ஈரமும் கரையானும் முதலில் பிடிக்கும். கீழிருந்து ஒவ்வொரு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றவேண்டும். எத்தனை கட்டை என்று தெரிந்தபிறகே எஸ்டிமேட் வாங்குங்கள். கட்டைகள் உறுதியாக இருந்தால், உதிர்ந்துபோன பழைய தட்டோடுகளைப் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்புக் கலவையில் புதுத் தட்டோடு பதித்தால் போதும். மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றியுள்ள விரிசலை முதலில் பாருங்கள். சில வீடுகளில் ஒழுகல் அங்கிருந்துதான்.