கழன்ற டேப்பைத் திருப்பிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பேக்கிங் டேப்

கே: பெட்ஷீட், துண்டு வகைகளை ஆன்லைனில் விற்கிறோம். பெட்டி 8 கிலோ வரை வரும். பல பெட்டிகள் வாய் பிளந்துதான் போய்ச் சேர்கின்றன. மூன்று கடை மாற்றியும் இதே கதை. எந்த டேப் வாங்கலாம்?
– வாசகர், கரூர்

ப: நான்காவது கடைக்குப் போகுமுன், திரும்பி வந்த பெட்டி ஒன்றை எடுத்து, கழன்ற டேப்பின் பசைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் நார் பஞ்சாக ஒட்டியிருந்தால் டேப் தன் வேலையைச் செய்திருக்கிறது. உரிந்தது அட்டையின் மேல்தாள். பழைய காகிதத்தை மறுபடி மறுபடி அரைத்துச் செய்யும் அட்டையில் நார் குட்டையாகிவிடும், மழைக்காலத்தில் ஈரமும் இழுக்கும். மாவு பூசியதுபோல் இருந்தால் நீங்கள் பெட்டியில் ஒட்டவில்லை, தூசியில் ஒட்டியிருக்கிறீர்கள். தறிப் பஞ்சு பறக்கும் இடத்தில் இது சகஜம். காய்ந்த துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பசை புது ரோல்போலப் பளபளவென்று இருந்தால், ஒட்டியவர் அழுத்தித் தேய்க்கவில்லை. இது அழுத்தத்தால் பிடிக்கும் பசை, மேலே வைத்தால் மட்டும் போதாது. பசை முழுக்கப் பெட்டியிலேயே தங்கி, டேப்பின் வெறும் பிளாஸ்டிக் தாள் கையோடு வந்தால்தான் கடைக்காரரைக் கேட்க வேண்டும்: சரக்கு பழசு, அல்லது சூட்டில் கிடந்தது. அதற்கு முன், உங்கள் கிடங்கில் ரோல்கள் தகரக் கூரைக்கு நேர் கீழே அடுக்கியிருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணி வியாபாரத்துக்கே உரிய கோளாறு இன்னொன்று உண்டு. முழங்காலால் அமுக்கி மூடிய பெட்டியில், உள்ளே இருக்கும் துணி மூடியை இரவும் பகலும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். எந்த டேப்பும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். ஒரு பெட்ஷீட்டைக் குறையுங்கள், இல்லை ஓர் அளவு பெரிய பெட்டி எடுங்கள்.

இனி டேப். இங்கே கடைகளில் அதிகம் கிடைப்பது அக்ரிலிக் பசை பூசிய பிஓபிபி, அதாவது மெல்லிய பிளாஸ்டிக் தாள் டேப். வெயிலையும் நாள்பட இருப்பதையும் தாங்கும். ஆனால் முழுப் பிடிப்புக்கு வர மணிக்கணக்கில் ஆகும். சூட்டில் உருக்கிப் பூசிய ஹாட்மெல்ட் பசை வைத்தவுடன் கவ்வும், மட்டமான அட்டையிலும் பிடிக்கும். ஆனால் மே மாத வெயிலில் நிற்கும் லாரிக்குள் இளகி நகரும். உங்களுக்கு அக்ரிலிக்கிலேயே தடிமன் 48 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறையாமல், 3 அங்குல அகலத்தில் வாங்குங்கள். 2, 3 கிலோ பெட்டிகளுக்கு 2 அங்குலம், 40 மைக்ரான் போதும். பிரவுனா, வெள்ளையா என்பது பார்வைக்குத்தான், பலத்தில் வித்தியாசமில்லை.

ஒட்டும்போது இழுத்து விறைப்பாக ஒட்டாதீர்கள். இழுபட்ட தாள் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், காலையில் இரண்டு முனையும் நிமிர்ந்திருக்கும்.

கே: 65 மீட்டர் என்று ரோலில் போட்டிருக்கிறது. சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே? ஒரு ரோலில் எத்தனை பெட்டி ஒட்டலாம்?
– வாசகி, மதுரை

ப: தராசில் வைத்துப் பாருங்கள். 48 மில்லிமீட்டர் அகலம், 65 மீட்டர், 40 மைக்ரான் ரோலில், நடு அட்டை நீங்கலாக டேப் மட்டும் ஏறக்குறைய 115 முதல் 120 கிராம் இருக்க வேண்டும். முதல் ரோலைப் பிரிக்குமுன் நிறுத்து எழுதிவையுங்கள். தீர்ந்ததும் அதே நடு அட்டையை நிறுத்துக் கழியுங்கள். 90 கிராம்தான் வருகிறதென்றால் நீளம் குறைவு, அல்லது மைக்ரான் குறைவு. கனமான நடு அட்டையைப் போட்டு ரோலைக் குண்டாகக் காட்டுவதும் உண்டு. கையில் தூக்கிப் பார்த்து வாங்குபவர் ஏமாறுவது அங்கேதான்.

கணக்கு இப்படி: 12 × 9 × 6 அங்குலப் பெட்டி. நடுக்கோட்டில் ஒரு பட்டை, இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலம் கீழே மடிய வேண்டும். ஆக 17 அங்குலம். மேலும் கீழுமாக 34, அதாவது 86 சென்டிமீட்டர். ஒரு ரோலில் 75 பெட்டி. கனமான பெட்டிக்கு ஹெச் எழுத்துப்போல் இரு ஓரங்களையும் அடைத்தால் 13 அங்குலப் பட்டை நான்கு கூடும், 29 பெட்டியோடு ரோல் தீரும். அடிப்பக்கத்துக்கு மட்டும் ஹெச், மேலே ஒற்றைப் பட்டை என்பது நடுத்தர எடைக்குச் சரியான சிக்கனம்.

கே: தண்ணீர் தடவி ஒட்டும் காகித டேப் நல்லதா?
– வாசகர், கோவை

ப: பிரித்துத் திருடுவார்கள் என்ற பயம் இருந்தால், நல்லது. அதன் ஸ்டார்ச் பசை நாருக்குள் ஊறி அட்டையோடு ஒன்றாகிவிடும், கிழிக்காமல் எடுக்க முடியாது. பிரவுன் டேப்பை யாரும் பிரித்து மேலே புதிதாக ஒட்டிவிடலாம். கனமான பெட்டிக்கு, உள்ளே கண்ணாடி இழை ஓடும் வகையைக் கேளுங்கள். தண்ணீர் அளவுதான் இதில் சூட்சுமம்: குறைந்தால் ஓரம் தூக்கும், வழிந்தால் பசையே கரைந்துபோகும். கையில் ஸ்பாஞ்ச் வைத்து நாளுக்கு 20 பெட்டி ஒட்டலாம், அதற்கு மேல் என்றால் ஈரமாக்கும் டிஸ்பென்சர் வேண்டும். பிளாஸ்டிக் கூரியர் கவரில் இது ஒட்டவே ஒட்டாது.

கே: மழைக்குப் பாதுகாப்பாக முகவரி லேபிள் மேல் டேப் ஒட்டலாமா?
– வாசகி, திருநெல்வேலி

ப: பார்கோடு மேல் வேண்டாம். டேப்பின் பளபளப்பில் ஸ்கேனர் தடுமாறும், சுருக்கம் விழுந்தால் படிக்கவே படிக்காது. மையில்லாமல் சூட்டால் அச்சிடும் தெர்மல் பிரிண்டரில் எடுத்த லேபிளாக இருந்தால் சில டேப் பசைகள் எழுத்தையே மங்கவைக்கும். லேபிளின் நான்கு ஓரங்களில் மட்டும் ஒட்டி, பார்கோடு பெட்டியின் மடிப்பிலோ மூலையிலோ விழாமல் தட்டையான பக்கத்தில் வையுங்கள். மழைக்குப் பயமென்றால் ஒளி ஊடுருவும் லேபிள் பை கிடைக்கிறது. முகவரியின் இன்னொரு பிரதியைப் பெட்டிக்கு உள்ளேயும் போட்டுவிடுங்கள்.